சடைக்காரனைக் கண்ட கதை

ஒருவரை நேரில் பார்க்காமலே அவர் வீட்டுச் சண்டையை முழுசாகத் தெரிந்துவைத்திருப்பது ரசிகர்களுக்கு மட்டுமே கைவந்த கலை. அதில் நான் கரைகண்டவள். எங்கள் வம்சத்திலேயே முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள், காலேஜ் முடித்தவள் என்பதெல்லாம் அப்புறம். கடல் தாண்டி இருந்த ஒரு ராக் பாடகன் காலையில் என்ன சாப்பிடுவான் என்பது எங்கள் நகரி வட்டாரத்திலேயே எனக்கு மட்டும்தான் தெரியும். (அவித்த முட்டை. மஞ்சள் கரு வேண்டாம்.)

எல்லாம் திருப்பதி ஹாஸ்டலில் என் அறையில் இருந்த சுனீதாவால் வந்தது. அவள் அண்ணன் கம்ப்யூட்டர் வேலைக்கு அமெரிக்கா போய், அங்கிருந்து கேசட்டும் பழைய பத்திரிகைகளும் அனுப்பிக்கொண்டிருந்தார். அந்தப் பாடகனின் பாட்டை முதலில் கேட்டபோது கிரைண்டரில் கரண்டி விழுந்த மாதிரி இருந்தது. கொஞ்ச நாளில் அதே பாட்டுக்கு அழ ஆரம்பித்தேன். டிக்‌ஷனரியை மடியில் வைத்துக்கொண்டு வரிவரியாக அர்த்தம் தேடினேன். என் ஆங்கிலத்தில் பாதி அப்படி வந்ததுதான்.

அவனுக்கு இடுப்புவரை முடி. கேசட் அட்டையைப் பார்த்த அம்மா, "யாருடி இந்தப் பொம்பள?" என்றாள். ஆம்பளை என்றதும் 'சடைக்காரன்' என்று பெயர் வைத்தாள். இங்கேயும் அந்தப் பெயரே இருக்கட்டும்.

சடைக்காரனை அவன் மனைவி மெலிசா விட்டுப் போய்விட்டாள் என்று படித்த அன்று நானும் சுனீதாவும் மெஸ் பக்கமே போகவில்லை. அடுத்து வந்த பத்திரிகையில் ஒரு வரி: மன அமைதி தேடி அவன் இந்தியா போகப்போகிறானாம். சுனீதா துள்ளினாள். "இண்டியாலோ மனசாந்தி அண்டே திருப்பதியே கதா!" என்றாள். இந்தியாவில் மன அமைதி என்றால் திருப்பதிதானே! எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

டிகிரி முடிந்த கையோடு பெங்களூரில் எனக்கு வேலை கிடைத்தது. வெளிநாட்டுக்காரர்களிடம் போனில் பேசுகிற வேலை. போகக் கூடாது என்று அம்மா பிடிவாதமாக நின்றாள். "இவ இங்கிலீஷ் பேசி யாரு பாத்தது? டேப்பு பேசுது, இவ தலைய ஆட்டுறா. அங்க போய் முழிச்சிக்கினு நிப்பா."

நைனா என்றால் எங்கள் வீட்டில் அப்பா. கூலிக்குப் போய்க்கொண்டிருந்த காலத்திலேயே, பொண்ணு டிகிரி பாஸானால் திருமலையில் மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டவர் அவர். "மலைக்குப் போய் வந்து சொல்றேன்" என்றார். அவர் முடி கொடுத்தார். நான் பெருமாளிடம் பெங்களூரைக் கேட்டேன்.

மூன்று பேரும் படி இறங்கி மலையடிவாரத்தில் இருக்கும் அலிபிரிக்கு வந்தோம். நைனா தலையில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. மரத்தடியில் ஒரு வெள்ளைக்காரர் உட்கார்ந்திருந்தார். அவர் தலையும் மொட்டை, அதிலும் சந்தனம். கேசட் அட்டையில் இருப்பது போலவே நீலக் கண். இடது காதில் வளையம். முகத்தில் சோகம். (அந்த வெயிலில் யார் முகத்தில் சோகம் இல்லை?)

சந்தேகமே இல்லை, அவனேதான். மெலிசா கோதிய முடியையே பெருமாளுக்குக் கொடுத்துவிட்டானா!

"நைனா, அவரு சடைக்காரன்!"

நைனா உற்றுப் பார்த்தார். "சடையே இல்லியேம்மா?"

"குடுத்துட்டாரு நைனா. உன்ன மாதிரியே."

நைனா உடனே அவரைப் பார்த்துக் கும்பிட்டார். நான் நேரே போய் ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். "உங்கள் வலி எனக்குத் தெரியும். மெலிசாவை மறந்துவிடுங்கள். உங்கள் அன்புக்கு அவள் தகுதியே இல்லாதவள்." எங்கும் தடுக்கவில்லை. அருவி மாதிரி கொட்டியது.

"மெலிசா யார்?"

கேட்டது அவர் இல்லை. என் முதுகுக்குப் பின்னால், கைக்கு ஒரு இளநீரோடு நின்ற வெள்ளைக்காரி.

"எனக்குத் தெரியாது!" என்று அவர் எழுந்தேவிட்டார்.

"இந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறதே!"

நான் உதவி செய்ய நினைத்தேன். "எல்லாப் பத்திரிகையிலும் வந்ததுதானே?" என்றேன்.

அப்புறம் அந்த அம்மாள் கத்திய ஆங்கிலத்தில் சில வார்த்தைகள் என் டிக்‌ஷனரியில் இல்லை.

நைனா என் பக்கம் சாய்ந்தார். "இன்னாம்மா சொல்லிக்கினு கீறாங்க?"

"வெயில் ஜாஸ்தின்னு சொல்றாங்க நைனா."

"வெயிலுக்கா அந்தம்மா இளநிய அவன் மேல ஊத்துது?" என்றாள் அம்மா.

தப்பித்து ஓடியிருக்கலாம். ஆனால் ஓடினால் பெங்களூரும் ஓடிவிடும். பையிலிருந்து கேசட் அட்டையை எடுத்து அவர் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தேன். பாடகன், மெலிசா, பத்திரிகை, வேண்டுதல், மொட்டை, எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன்.

அவர் தலையைத் தடவிக்கொண்டார். "மொட்டையா? நான் கோயிலுக்கே இன்னும் போகவில்லை. முடி கொட்டிப் பல வருஷம் ஆகிறது. சூட்டுக்கு நல்லது என்று ஒரு வியாபாரி இந்தச் சந்தனத்தைப் பூசிவிட்டார்." பலமனேரில் ஒரு பால் பண்ணைக்கு மெஷின் மாட்ட வந்தவராம்.

வழுக்கை! திருப்பதியில் மொட்டைகளையே பார்த்துப் பழகிய என் கண்ணுக்கு, தலைமுடி தானாகவும் போகும் என்று தோன்றவே இல்லை.

அந்த அம்மாள் அட்டையில் இருந்த கூந்தலைப் பார்த்தாள், புருஷன் தலையைப் பார்த்தாள், சிரித்துச் சிரித்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிறகு நைனாவிடம் வந்து கையைக் குலுக்கி, "உங்கள் மகள் அருமையாக ஆங்கிலம் பேசுகிறாள்" என்றாள். அதை நைனாவுக்கு நானே தமிழில் சொன்னேன். அம்மா காதில் விழுந்திருக்குமோ என்னவோ என்று இன்னொரு தடவையும் சொன்னேன்.

பஸ்ஸில் நைனா ஜன்னலைப் பார்த்தபடி தீர்ப்புச் சொன்னார். "நல்லா இருந்த புருஷன் பொண்டாட்டிய இங்கிலீஷ் பேசியே பிரிச்சா. இங்கிலீஷ் பேசியே சேத்தும் வச்சா. இவளுக்கு பெங்களூரு ஒரு ஊரா?"

அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அப்புறம், "பெங்களூரு குளுருமாமே. ஒரு ஸ்வெட்டர் வாங்கணும்" என்றாள்.

போனேன். வேலையில் நல்ல பெயரும் வாங்கினேன். (போனில் எதிராளியின் தலை தெரியாது. அது என் அதிர்ஷ்டம்.) கூட வேலை பார்த்தவரையே கல்யாணம் செய்துகொள்ள முடிவெடுத்து வீட்டுக்கு அழைத்து வந்தேன். அவருக்கு முன்தலை அப்போதே கொஞ்சம் காலி. இன்றைக்கும் எந்தச் சொந்தக்காரர் வந்தாலும் அன்று நைனா கேட்டதைச் சொல்லாமல் அம்மா அனுப்புவதில்லை. நைனா காபி டம்ளரை மாப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"மாப்ள, இது வேண்டுதலா, தானா போனதா? இப்பவே சொல்லிடுங்க. எங்க பொண்ணு நெறைய படிச்சவ, ஆனா அது மட்டும் அவளுக்குத் தெரியாது."