ரெண்டு மணிச் சங்கு

கடவுளுக்கு நேரம் ஒதுக்குகிறேன் என்று ஒருவன் பெருமையாகச் சொன்னால், நான் முதலில் அவன் பெண்டாட்டியைத்தான் விசாரிப்பேன். அவன் ஒதுக்குகிற நேரம் பெரும்பாலும் அவளுடையதாக இருக்கும். இதை நான் சாஸ்திரம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. திருவொற்றியூரில் ரோட்டோரமாக, ஒரு பூவரச மரத்தடியில், கண்ணை மூடி உட்கார்ந்து தெரிந்துகொண்டேன்.

எழுபதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்தாறு வயது. கம்பெனியில் ஃபிட்டர் வேலை. தலைக்கு வெளியே முடி நிறைய, உள்ளே சரக்கு கம்மி. எங்கள் தெருவுக்கு நாலு தெரு தள்ளி, தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த சாமியார் ஒருவர் மடம் வைத்திருந்தார். (பெயர் வேண்டாம். சிஷ்யர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களுக்குக் கோபம் வந்தால் என்னால் ஓட முடியாது, முழங்கால் வலி.) எங்களுக்கு அவர் வெறும் சாமி. மூன்று வருஷம் நான் அவர் மடத்துத் தண்ணீர்த்தொட்டியை நிரப்பினேன், அவர் காவி வேட்டியைத் துவைத்துக் காயப்போட்டேன். எங்கள் வீட்டுத் தொட்டியைக் கோமளா நிரப்பினாள். கோமளா என் மனைவி. இது நடந்த சமயம் அவளுக்கு எட்டு மாசம்.

ஒரு வியாழக்கிழமை பிரசங்கத்தில் சாமி சொன்னார்: “பகவானுக்கு நேரமில்லை என்கிறீர்களே, சாப்பிட நேரமிருக்கிறதா? சங்கு ஊதியதும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு உட்காருங்கள். ஆயிரத்தெட்டு முறை நாமம் சொல்லுங்கள். முடிகிறவரை வாயைத் திறக்கக்கூடாது. இடி விழுந்தாலும் எழுந்திருக்கக்கூடாது.”

எனக்குப் புல்லரித்துவிட்டது. எனக்காகவே சொன்னது போலிருந்தது. ஏனென்றால் எங்கள் பக்கத்தில் சங்கு என்றால் ஒரே அர்த்தம்தான். கம்பெனிச் சங்கு. ஷிப்டு மாறுவதற்கும் சோற்றுக்கும் ஊதுகிற அந்தச் சங்கை வைத்துத்தான் தெருவே உலை வைக்கும், பிள்ளைக்குப் பால் கொடுக்கும், துணி எடுக்கும். கடிகாரம் வீட்டில் இருப்பவன்கூடச் சங்கைக் கேட்டுத்தான் முள்ளைத் திருப்புவான். சாமி எந்தச் சங்கைச் சொன்னார் என்று கேட்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் கேட்டிருக்கமாட்டேன். குருவிடம் கேள்வி கேட்பது பக்தியில் குறை என்பது என் அபிப்பிராயம். (அபிப்பிராயத்துக்கெல்லாம் அப்போது பஞ்சமே இல்லை.)

மறுநாளே ஆரம்பித்துவிட்டேன். காலைச் சங்கு ஊதும்போது மொத்த ஷிப்டும் கேட்டுக்குள் ஓடும், நான் கேட்டுக்கு வெளியே சம்மணம் போட்டு உட்காருவேன். சூப்பர்வைசர் இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள், “இன்னாய்யா, சங்கு ஊதினா அல்லாரும் ஓடியாறான், நீ மட்டும் குந்திக்கிற? ஒடம்பு கிடம்பு சரியில்லியா?” என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. நாமம் பாதியில் இருந்தது. மெமோ கொடுத்தார். அதையும் கண்ணை மூடியபடியேதான் வாங்கினேன்.

கோமளா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “சாமிக்கு நேரம் குடு, வாணான்னு சொல்லல. அது இன்னா சங்கு ஊதினாத்தான் குந்துவேன்னுகினு? கம்பெனி சாமியா அது?”

அவள் கேட்டதில் முழு உண்மையும் இருந்தது. நான் அவளை அஞ்ஞானி என்றேன். எட்டு மாச வயிற்றோடு குடம் தூக்கிக்கொண்டிருந்தவளை.

அடுத்த மாசம் என் வார லீவு நாள். மத்தியானம் ஒன்றரை மணி வாக்கில் கோமளாவுக்கு வலி எடுத்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பக்கத்து வீட்டுப் பிலோமினா அக்கா ஓடிவந்தாள். அவள் புருஷனுக்கு ஹார்பரில் வேலை, அவளுக்குத் தெருவில் நடக்கிற எல்லாப் பிரசவத்திலும் வேலை. ஒரு பார்வைதான் பார்த்தாள்.

“யப்பா, தண்ணி ஒடஞ்சிக்கினு கீது. நிக்காத, ஓடு. ரிக்‌ஷா இட்டா. ராயபுரம் ஆஸ்பத்திரிக்குப் பூடலாம்.”

ஓடினேன். அன்றைக்கு நான் ஓடியதை மட்டும் யாரும் குறை சொல்ல முடியாது. ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் ரிக்‌ஷா ஸ்டாண்டு. அங்கே காசி என்கிற ரிக்‌ஷாக்காரர் வண்டியிலேயே தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பினேன். “பொண்டாட்டிக்கு வலி கண்டிருச்சு” என்றதும் எவ்வளவு, எங்கே என்று ஒன்றும் கேட்காமல், “குந்து நைனா” என்று மிதிக்க ஆரம்பித்துவிட்டார். பாதி வழி வந்திருப்போம். ரெண்டு மணிச் சங்கு ஊதியது.

“நிறுத்துங்க” என்றேன்.

இறங்கி, பூவரச மரத்தடியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டேன்.

காசிக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. ஒன்றுக்குப் போக இறங்கினேன் என்று நினைத்திருப்பார். பிறகு பக்கத்தில் வந்து நின்றார். “இன்னா நைனா, மயக்கமா?” கொஞ்சம் பொறுத்து, “யோவ், வலின்னு சொன்னியேயா!” அப்புறம் தோளைப் பிடித்து உலுக்கினார். “சாமி கும்புடற நேரமாய்யா இது? சரி, நீ குந்தி நல்லா கும்புடு. எந்த வூடுன்னு மட்டும் சொல்லு, நான் போய் இட்டுகினு போறேன். வாயால வாணாம்யா, கையாலயாவது காட்டுயா!”

எனக்குக் காது நன்றாகவே கேட்டது. சமாதி நிலை, அது இது என்று ஒரு மண்ணும் இல்லை. வீடு எங்கே என்று எனக்கு மட்டும்தான் தெரியும் என்பதும் தெரிந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. ஏன் தெரியுமா? பகவான் என்னைச் சோதிக்கிறார் என்று நினைத்தேன். பக்தி என்றுகூட அதைச் சொல்லமாட்டேன், அது சுத்தமான அகம்பாவம். அடுத்த வியாழக்கிழமை பிரசங்கத்தில் சாமி என்னைப் பற்றி எப்படிச் சொல்லுவார் என்பதை உள்ளுக்குள் எழுதிக்கொண்டிருந்தேன். ‘நம் பக்தர் ஒருவர், மனைவி பிரசவ வேதனையில் துடிக்க...’ என்று சாமியின் குரலிலேயே கேட்டது. அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே நாமத்தில் இருநூறு தாண்டியபோது பக்கத்துக் கம்பெனிச் சங்கு ஊதியது.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒரு கம்பெனிக் கடிகாரமும் இன்னொரு கம்பெனிக் கடிகாரமும் ஒத்துப்போனதாகச் சரித்திரமே கிடையாது. எங்கள் கம்பெனிக்கு ரெண்டு மணி அடித்து அஞ்சு நிமிஷம் கழித்துத்தான் அடுத்தவனுக்கு ரெண்டு மணி ஆகும். சங்கு ஊதினால் ஆயிரத்தெட்டு என்றால், இரண்டாவது சங்குக்கு என்ன கணக்கு? வேறு யாராக இருந்தாலும் விட்டிருப்பான். நான் ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன். நானூறை நெருங்கும்போது மூன்றாவது கம்பெனிக்கும் ரெண்டு மணி ஆனது. மறுபடி ஒன்று.

கண்ணைத் திறந்தபோது காசி இல்லை. நாலு தெரு சுற்றி, வலி வந்த வீடு எது என்று கதவு கதவாக விசாரித்தார் என்று அப்புறம் தெரிந்தது. அந்த மனுஷன் என்னைவிட அதிகமாக அலைந்திருக்கிறார். நான் வீட்டுக்கு ஓடினேன். கதவு திறந்து கிடந்தது. தரை நனைந்திருந்தது. எதிர் வீட்டுக்காரி என்னைப் பார்த்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பிலோமினா அக்கா எனக்காக வாசலிலேயே நின்று பார்த்திருக்கிறாள். ரெண்டேகால் மணிக்கு, இனி ஆகாது என்று, அவள் தம்பி மீன் ஏற்றுகிற கைவண்டியைக் கொண்டுவரச் சொல்லி, கூடைகளை இறக்கிவிட்டு, சாக்கை விரித்துக் கோமளாவைப் படுக்கவைத்திருக்கிறாள். அக்காவும் தம்பியும் ராயபுரம்வரை தள்ளியிருக்கிறார்கள், அந்த வெயிலில், அந்த ரோட்டில். கல்மண்டபத்துக்கிட்டே வரும்போது வண்டியிலேயே குழந்தை பிறந்துவிட்டது. நாலு மீன்காரிகள் சுற்றி நின்று புடவையை விரித்து மறைத்தார்களாம்.

நான் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது கோமளாவுக்கு ரத்தம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். உதடெல்லாம் வெள்ளை. என்னைப் பார்த்தாள். பிலோமினா அக்காதான் பேசினாள். அவள் சொன்னதில் அச்சில் போடக்கூடியது இவ்வளவுதான்: “பொண்ணு. மீன் வண்டில பொறந்துகீது. மீனாட்சின்னு வையி. உன் சாமிய கேட்டுகினு நிக்காத.”

மீனாட்சி என்றே வைத்தோம். குலதெய்வத்தின் பெயரா என்று கேட்பவர்களிடம் ஆமாம் என்று சொல்லிவிடுவேன்.

இத்தோடு புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. இரண்டு உயிரும் பிழைத்தது சாமி அருளால்தான் என்று நம்பினேன். (படுபாவி.) தீட்டுக் கழிந்ததும் முதல் வேலையாக மடத்துக்குப் போய், எல்லோர் முன்னிலையிலும் நடந்ததை விலாவாரியாகச் சொன்னேன். சோதனை, மரத்தடி, மூன்று சங்கு, ஒன்றையும் விடவில்லை. சாமி நெற்றியைச் சுருக்கினார்.

“எந்தச் சங்கு?”

“கம்பெனிச் சங்கு சாமி. ரெண்டு மணிச் சங்கு.”

சாமி வயிறு குலுங்கச் சிரித்தார். அவர் சிரித்ததும் கூடம் முழுக்கச் சிரித்தது. “அடேயப்பா! நான் சொன்னது சாயரட்சைப் பூஜைக்கு நம்ம மடத்தில் ஊதுகிற சங்கு!” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்துவிட்டுப் பக்கத்தில் விசிறிக்கொண்டிருந்தவரிடம் திரும்பிக் கேட்டார்: “யார் இவர்? புதுசா வருகிறாரா?”

மூன்று வருஷம் அவர் வேட்டியைத் துவைத்திருக்கிறேன்.

அன்றோடு மடத்தை விட்டேன். கதை என்னை விடவில்லை. பஜாருக்குப் போய் நான் கொஞ்சம் தாமதமாக வந்தால் மீனாட்சி, “நைனாவுக்குச் சங்கு ஊதிட்டாங்கோ” என்பாள். ஒரு தடவை அவள் கூட வேலை செய்கிற பெண் அதைக் கேட்டுவிட்டு, நான் செத்துப்போனேன் என்று மாலையோடு வந்து நின்றாள். கதவைத் திறந்தவன் நான். அந்த மாலையைச் சாமி படத்துக்குப் போடலாம் என்றால் வீட்டில் படமே கிடையாது. இப்போது பேரப்பிள்ளைகள் கண்ணை மூடி உட்கார்ந்து என்னைப் போலவே நடித்துக் காட்டுகிறார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். கோமளாவும் சிரிப்பாள். நானும்தான்.

இன்னொன்று உண்டு, அதை யாரும் நடித்துக் காட்டுவதில்லை. மீனாட்சி பிறந்து மூன்று வருஷம் கழித்து ஒரு நாள் ஷிப்டு முடிந்து வந்தேன். வீடு பூட்டியிருந்தது. இரண்டாவது பெண் காலையிலேயே பிறந்துவிட்டாள் என்று தெருவில் சொன்னார்கள். நான் காலையில் சோற்று டப்பாவை எடுத்தபோதே கோமளாவுக்கு வலி இருந்திருக்கிறது. டப்பாவை மூடிக் கையில் கொடுத்து அனுப்பிவைத்திருக்கிறாள். ஆஸ்பத்திரியில் போய், ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். கோமளா கோபமாகச் சொல்லவில்லை. குழந்தைக்குத் துணியைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்.

“பிலோமினா அக்கா இருந்துச்சே. உன்ன இன்னாத்துக்கு கூப்புடணும்?”