நான்தான் நேசராஜா, சேர்!

சொந்தப் பெயரில் நான் செய்த முட்டாள்தனங்களை எண்ண இரண்டு கை காணாது. இது இன்னொருத்தன்ர பெயரில் செய்தது. அதனால் வெட்கமும் இரட்டை.

சண்டைக் காலம். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்குகிற ஒழுங்கையொன்றில், ஒரு லொட்ஜ் அறையில் நானும் நேசனும் இருந்தோம். நேசன், முழுப்பெயர் நேசராஜா, என் பள்ளிக்கூடச் சிநேகிதன். அவனுக்கு வேலை இல்லை. வெளிநாடு போகக் காத்திருந்தான். (கொழும்பில் அப்போது பாதிப் பேருக்கு அதுதான் உத்தியோகம்.) எனக்கு ஒருகொடவத்தையில் ஒரு கொன்டெய்னர் யாட்டில் வேலை. கேட்கிறவர்களிடம் "ஷிப்பிங்கில நிக்கிறன்" என்பேன். உண்மையில் பெட்டிகளை எண்ணி அட்டையில் கோடு போடுகிற வேலை.

அதுவும் யாட்காரர் நேரே தந்த வேலையில்லை. ஆள் பிடித்துக் கொடுக்கிற ஏஜென்ட் ஒருவர் தந்தது. யாட் அவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று கொடுக்கும். அவர் தன் பங்கைக் கிள்ளிக்கொண்டு மிச்சத்தைச் சனிக்கிழமை எங்களுக்குத் தருவார். காலையில் ஒரு கையெழுத்து, பின்னேரம் ஐந்து மணிக்கு ஒரு கையெழுத்து. இரண்டில் ஒன்று குறைந்தால் அன்றைய நாளே இல்லை. நாலு மணிவரை நீங்கள் மாரடித்திருந்தாலும் கோயிலுக்கு நேர்ந்துவிட்டதாக நினைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. ஆறு மாதம் முழுசாக ஓடினால் ஆள் சட்டம் கதைக்கத் தொடங்கிவிடுவான், நிரந்தரமாக்கு என்பான். ஆகவே ஆறு மாதம் நிறைவதற்கு முன்னமே பெயரை வெட்டி, மூன்று கிழமை வீட்டில் இருத்தி, பிறகு 'புது ஆளாக' எடுப்பார்கள். சோமபால என்று தலை நரைத்த மனுசன் ஒருவர் எங்களோடு நின்றார். ஒன்பது வருசமாகப் புது ஆள்.

பாலன் என்ற என் பெயரை வெட்டுகிற முறையும் வந்தது. மூன்று கிழமை பட்டினி கிடக்க வயிறு ஒப்பவில்லை. ஏஜென்டிடம் போய் அழுதேன்.

"மல்லி, வேற ஒரு பேர் கொண்டு வா," என்றார் அவர் சிங்களத்தில். (மல்லி என்றால் தம்பி.) "பேரைத்தான் வெட்டச் சொல்லியிருக்கு, ஆளை இல்லை. எல்லாரும் செய்யிறதுதான்."

நேசனிடம் பெயரைக் கடன் கேட்டேன். அவன் துள்ளிக் குதித்தான். "எடு மச்சான், சும்மாதானே கிடக்குது! ஆனா எனக்கொரு வேலைக் கடிதம் எடுத்துத் தா." ஏன் கொழும்பில் நிற்கிறாய் என்று பொலிஸ் தமிழ்ப் பெடியன்களை மறித்துக் கேட்டால் காட்டுவதற்கு ஒரு கடிதம் அந்த நாளில் பெரிய சொத்து. ஏஜென்டும் அடித்துத் தந்தார்: நேசராஜா எங்கள் ஊழியர், சந்தேகமிருந்தால் யாட்டுக்கு போன் எடுக்கவும். அவனுக்குக் கடிதம், எனக்கு வேலை. இரண்டு பேருக்கும் கொண்டாட்டம்.

நான் எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆளில்லை (பரீட்சையைத் தவிர). யாரும் கேட்டால் தடுமாறக்கூடாதென்று நேசனின் அப்பா பெயர், பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம் எல்லாவற்றையும் பாடமாக்கினேன்.

இரண்டாம் கிழமை, ஒரு நாள் பதினொரு மணி போல, என் பழைய பெயர் தெரியாத புது சுப்பர்வைசர் சுனில் கந்தோர் அறைக்குள்ளிருந்து கத்தினார்: "நேசராஜா! டெலிபோன்!"

போனில் ஒரு அதிகாரக் குரல், சிங்களத்தில். ஏஜென்டின் பெரிய கந்தோர் என்னைச் சோதிக்கிறது என்றே நினைத்தேன்.

"நீதான் நேசராஜாவா?"

"நான்தான் நேசராஜா, சேர்!"

"இப்ப வேலையிலயா நிக்கிறாய்?"

"ஓம் சேர், காலமை ஏழரையில இருந்து!"

அப்பா பெயர் கேட்டது, சொன்னேன். அட்டை இலக்கம் கேட்டது. மூச்சு விடாமல் ஒப்புவித்தேன். கேட்காமலே பிறந்த ஆஸ்பத்திரியையும் சேர்த்துச் சொன்னேன். பாஸ் பண்ணிவிட்ட பெருமையோடு போனை வைத்தேன்.

"ஆரு சுனில் அண்ணை?"

"பொலிஸ்," என்று சுனில் சிரித்தார். "உங்கட லொட்ஜில ரவுண்டப்பாம், சுத்திவளைச்சு ஆக்களைப் பிடிக்கிறாங்களாம். எவனோ ஒரு கள்ளன் உன்ர பேரைச் சொல்லி, எங்கட கடிதத்தையும் காட்டிக்கொண்டு நிக்கிறானாம். நல்ல காலம், நீ இஞ்ச நிண்டாய்!"

அந்தக் கள்ளன் என் நேசன். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் இரண்டு ஏச்சோடு விட்டிருப்பார்கள். இப்போது அவன் கடிதமும் கள்ளம், அடையாள அட்டையும் கள்ளம், ஆளும் கள்ளம். இரவுக்குள் யாரும் வந்து பொறுப்பெடுக்காவிட்டால் வேறெங்கோ கொண்டுபோவார்கள். அப்படிப் போனவன் எப்போது திரும்புவான் என்று அந்தக் காலத்தில் எவருக்கும் தெரியாது.

உடனே ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. இதுதான் நான் சொல்ல வந்தது. முதலில் பயம். பிறகு, ஒளிப்பானேன், அந்த ஐந்து மணிக் கையெழுத்து. இப்ப போனால் நாளும் போகும், வேலையும் போகும். 'மத்தியானத்துக்குள்ள விட்டிடுவாங்கள்' என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். மத்தியானம் சோறும் தின்றேன். கருவாட்டுக் குழம்பு. தொண்டையில் சிக்கியிருந்தாலாவது இன்றைக்குப் பெருமையாகச் சொல்லலாம். நன்றாக இறங்கியது, சீ! ஐந்து மணிக்கு நேசனின் பெயருக்கு நேரே வடிவாகக் கையெழுத்து வைத்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

பொலிஸ் நிலைய வாசலில் ஜீப் நின்றது. உள்ளே நேசன் சாரமும் பெனியனுமாக வாங்குப் பலகையில் இருந்தான். என்னைக் கண்டதும் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"வந்திட்டியா மச்சான்," என்றான். அந்தச் சொல் இன்றைக்கும் என்னைச் சுடுகிறது.

என் சொந்த அட்டையை நீட்டி, நடந்ததையெல்லாம் சார்ஜனிடம் கொட்டினேன் (எத்தனை மணிக்கே விசயம் தெரியும் என்பதை மட்டும் சொல்லவில்லை). அவர் நம்பவில்லை. "காலையில நீ நேசராஜா, இப்ப நீ பாலன். நாளைக்கு ஆர்?" என்று கேட்டு, இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி விசாரித்தார். அட்டை இலக்கம்? பயத்தில் நேசனுக்கு மறந்துவிட்டது. என் பாழாய்ப்போன வாய் சொல்லிவிட்டது. அப்பா பெயர்? அவன் வாய் திறக்க முன்னம் நான். காப்பாற்ற வந்த லட்சணம் இது.

"சகோதரங்கள்?"

"ஒரு தங்கச்சி, வசந்தி! வைகாசி மாசம், பூரட்டாதி நட்சத்திரம்!" என்றேன் நான்.

நேசன் மெல்ல என் பக்கம் திரும்பினான். மாப்பிள்ளை தேடவென்று அவன் பெட்டிக்குள் வைத்திருந்த வசந்தியின் சாதகத்தை நான் களவாக எடுத்து, பம்பலப்பிட்டியில் ஒரு சாத்திரியாரிடம் என் சாதகத்தோடு பொருத்தம் பார்த்த சங்கதி அவனுக்குத் தெரியாது.

"டேய்! என்ர தங்கச்சியின்ர நட்சத்திரம் உனக்கெப்பிடியடா தெரியும்?" பொலிஸ், ஜீப், எல்லாப் பயமும் பறந்துபோய் என் கொலரைப் பிடித்துவிட்டான்.

சார்ஜன் நேசனைக் காட்டி, "இவன்தான் அண்ணன்," என்றார். அவருக்கும் தங்கைமார் இருந்திருக்க வேண்டும். என்னிடம் குனிந்து, "பொருத்தம் எப்பிடி?" என்று கேட்டார்.

"பத்துக்கு ஏழு, சேர்."

வாக்குமூலம் எழுதிக்கொண்டு இருவரையும் விட்டார்கள். அடுத்த நாளே எனக்கு வேலை போனது, இந்த முறை இரண்டு பெயரிலும். நேசன் ஒரு மாதம் என்னோடு கதைக்கவில்லை. நாலு வருசம் கழித்து அவனே நின்று வசந்தியை எனக்குக் கட்டிவைத்தான்.

இன்றைக்கும் வீட்டில் எந்த விசேஷமென்றாலும் இந்தக் கதை வந்தே தீரும். "என்னைவிட இவன்தான் திறமான நேசராஜா," என்று தொடங்குவான். சபை விழுந்து விழுந்து சிரிக்கும். கடைசியில் மட்டும் அவன் குரல் இறங்கும்: "ஆனா ஒண்டு. விசயம் தெரிஞ்ச கையோட வேலையையும் விட்டெறிஞ்சு ஓடி வந்தவன். அதுக்காகத்தான் தங்கச்சியைக் குடுத்தனான்."

வசந்தி அப்போது என்னை ஒரு பெருமையோடு பார்ப்பாள். பதினொரு மணிக்கே தெரியுமென்று சொல்ல ஒவ்வொரு முறையும் வாயெடுப்பேன். அந்தப் பார்வையைக் கண்டதும் மூடிக்கொள்வேன்.