தட்டிப் பார்த்த கற்கள்

பாம்பென்றால் எனக்குப் பயம். முப்பது வருடம் கல்லூரியில் விலங்கியல் நடத்தியவன் சொல்லக் கூடாத வாக்கியம்தான். என்ன செய்ய, நான் பழகிய பாம்புகளெல்லாம் ஃபார்மலின் ஜாடிக்குள் இருந்தவை. (தங்கமான குணம்.)

ஓய்வு பெற்ற மறு வருடம், தொப்பூர்ப் பக்கக் காட்டில் தீத்தடுப்புக் கோடு எரிக்கும் வேலைக்கு வனத்துறையினர் என்னை அழைத்தார்கள். கோடையில் காடு முழுதும் பற்றிக்கொள்ளாமலிருக்க, மாசியிலேயே ஒரு பட்டை நிலத்துச் சருகை அவர்களே எரித்துவிடுவார்கள். அதற்கு முன் அங்குள்ள கல், கட்டையெல்லாம் புரட்டி, அடியில் பதுங்கிய தேரை, அரணை, ஆமைகளை எடுத்து அப்பால் விட வேண்டும். கோட்டின் கடைசிப் பகுதியில் அந்தத் தேடல் என் பொறுப்பு.

முதல் கல்லுக்கடியில் ஏதோ சரசரத்தது. அதன்பின் எதையும் நான் தொடவில்லை. நீளமான குச்சியால் ஒவ்வொன்றையும் தட்டினேன். சத்தம் வராவிட்டால் உள்ளே யாருமில்லை என்று எழுதிக்கொண்டேன். தட்டினால் ஆமை ஓட்டுக்குள் ஒடுங்கும் என்று எழுதாத மாணவனுக்கு மதிப்பெண் குறைத்தவன் நான்.

தீக்காவலர் மாதேஷ் கேட்டார்: "எல்லாம் பொரட்டிப் பாத்துட்டீங்களா சார்?"

"ஒண்ணும் இல்லை. பத்த வைங்க."

புகை கிளம்பியது. மூங்கில் வெடிப்பதுபோல் சருகு படபடத்தது. ஒன்றுமில்லாத அந்த இடத்திலிருந்து ஓணான், அரணை, உடும்பு என்று ஓர் ஊரே கிளம்பி, தீயில்லாத பக்கம் நின்ற என்னை நோக்கி வந்தது. கடைசியாக ஒரு சுருட்டை விரியன். நாங்கள் வந்த ஜீப்பின் கூரைமேல் எப்படி ஏறினேன் என்று இன்றுவரை தெரியாது. (ஒரு செருப்பு மட்டும் கீழே தைரியமாக நின்றது.)

"எறங்குங்க சார். அது உங்களக் கடிக்க வரல, உசுரு பொழைக்க ஓடுது" என்றார் மாதேஷ்.

சாம்பல் ஆறியதும் நடந்து பார்த்தோம். நான் தட்டிய ஒரு கட்டையருகே நட்சத்திர ஆமை ஒன்று, ஓட்டுக்குள் ஒடுங்கியபடியே வெந்து கிடந்தது. ஓட முடிந்தவை தப்பித்துவிட்டன. ஓட முடியாததற்குத்தான் நான் தேவைப்பட்டிருந்தேன். 

"நான் பொரட்டலீங்க. பயந்துட்டேன்" என்றேன். விரியனைவிட அந்த வாக்கியம் என்னை அதிகம் பயமுறுத்தியது.

மாதேஷ் குனிந்து ஆமையை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு, "பயம்னு சொல்லியிருந்தா நானே பொரட்டியிருப்பேனே சார். அஞ்சு நிமிச வேல" என்றார்.

இப்போது அங்கே ஒருவர் தேடிய இடத்தை இன்னொருவர் மறுபடி தேடிய பிறகுதான் தீ வைக்கிறார்கள். அந்த இரண்டாவது தேடலுக்குப் பெயர் "வாத்தியார் தேடல்". பெயர் என் வீடுவரை வந்துவிட்டது. சமையல் கேஸை மூடிவிட்டேன் என்று நான் சொன்னால், "ஒரு வாத்தியார் தேடல் போட்டுட்டு வரேன்" என்று என் மனைவி எழுந்து போகிறாள். பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள், நானும்தான். அவள் திரும்பி வந்து உட்கார்ந்ததும், மூன்றாவதாக நான் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.