வலது ஓரத்தில் ஒரு பட்டன்

மூக்குக் கண்ணாடிக் கடை திறக்க என்ன வேண்டும்? ஒரு கடை, கொஞ்சம் கண்ணாடி, பார்வை மங்கிய நாலு பேர். நம் கண்ணாடிக்காரரும் இப்படித்தான் அப்பாவித்தனமாக நினைத்திருந்தார். இன்னொருவர் கடையில் பார்த்துவந்த வேலையை உதறிவிட்டு, சொந்தமாக ஒரு கடை பிடித்து, பிரேம்களை வரிசையாக மாட்டி, எழுத்துகள் போகப் போகச் சிறுத்துக்கொண்டே வரும் அட்டையையும் தொங்கவிட்டார். லைசென்ஸ் மட்டும்தான் பாக்கி. அது இல்லாமல் ஷட்டரைத் தூக்கினால் சீல் வைத்துவிடுவார்கள்.

மேற்படி லைசென்ஸ் அலுவலகம் அண்மையில்தான் நவீனமாகியிருந்தது. அதை நவீனமாக்கியவன் வேறு யாருமல்ல, கண்ணாடிக்காரரின் மச்சினன். ஆளுக்கொரு மோஸ்தர் பிடித்து ஆட்டுகிற காலம். அவனைப் பிடித்தது ஓப்பன் சோர்ஸ். காசு கொடுக்க வேண்டாத ஆபரேட்டிங் சிஸ்டம். யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். அக்கா வீட்டு டிவியைக்கூட விடாமல் அதற்கு மாற்றினான். அதன்பிறகு அந்த வீட்டில் யாரும் டிவி பார்க்கவில்லை.

லைசென்ஸ் அதிகாரி அம்மாவிடம் அவன் இப்படி விளக்கினான்: "இதுக்கு ஓனர்னு யாரும் கிடையாது மேடம். ஏதாவது ஆச்சுன்னா இவர்தான் பொறுப்புன்னு ஒருத்தரைக் கைகாட்டவே முடியாது."

அதிகாரிக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷ சர்வீஸில் அவர் தேடிக்கொண்டிருந்தது இதைத்தான். அன்றைக்கே ஆர்டர் போட்டார்.

கம்ப்யூட்டர்களும் புதிதாக வந்தன. 'இருப்பதிலேயே உயர்ந்தது' என்று டெண்டரில் எழுதியிருந்ததால், சினிமாவுக்குப் பூதமும் பிரளயமும் தயாரிக்கிறவர்கள் வாங்கும் கிராபிக்ஸ் கார்டு ஒவ்வொன்றிலும் இருந்தது. அதை வைத்து அலுவலகம் ஒரே ஒரு விண்ணப்பப் பக்கத்தைப் பார்த்துவந்தது. இந்தக் கார்டுக்கும் சிஸ்டத்துக்கும் நேரடிப் பேச்சுவார்த்தை கிடையாது. டிரைவர் என்றொரு மென்பொருள் நடுவில் உட்கார்ந்து பேசி முடித்துவைக்க வேண்டும். சிஸ்டம் மாறினால் டிரைவரையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும்.

மச்சினனுக்கு அப்டேட் என்றால் உயிர். புதுசு வந்திருக்கிறது என்று காதில் விழுந்தால் சாப்பாட்டுத் தட்டை விட்டு எழுந்துவிடுவான். ஒரு சுபதினத்தில் அலுவலகம் முழுவதற்கும் சிஸ்டத்தை அப்டேட் செய்தான். டிரைவர் பழசாகவே நின்றது. புது சிஸ்டமோ, உன்னை எனக்குத் தெரியவே தெரியாது என்று கைவிரித்துவிட்டது. திரை அணைந்து தொலைந்திருந்தாலாவது யாராவது கவலைப்பட்டிருப்பார்கள். அணையவில்லை. எழுத்தெல்லாம் கடை போர்டு அளவுக்குப் பெரிதாகி, பக்கத்தின் வலது பாதி திரைக்கு வெளியே போய்விட்டது. பக்கத்தை நகர்த்திப் பார்க்கும் வசதி கிடையாது. அதற்குத் தனி டெண்டர் விட வேண்டும்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். விண்ணப்பப் பக்கத்தின் அடியில் இரண்டு பட்டன்கள். இடது ஓரத்தில் 'நிராகரி'. வலது ஓரத்தில் 'அனுமதி'.

கண்ணாடிக்காரரின் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. காரணம் கேட்கப் போனார்.

"உங்க பேப்பரெல்லாம் பக்கா. ஒரு குறை சொல்ல முடியாது," என்றார் அதிகாரி.

"அப்புறம் ஏன் மேடம் ரிஜெக்ட் பண்ணீங்க?"

"இருக்கற பட்டனைத்தானே அமுக்க முடியும்?"

"அனுமதி பட்டன் வலது பக்கம் இருக்குமே மேடம்?"

"இருக்கலாம். கண்ணுக்குத் தெரியாததை எல்லாம் நம்பி ஆபீஸ் நடத்த முடியுமா?"

"சரியாகிற வரைக்கும் நிலுவையில வைக்கலாமே?"

"நிலுவையா!" அதிகாரி கெட்ட வார்த்தை கேட்டவர்போல் முகத்தைச் சுளித்தார். "என் ஆபீஸ்ல அது கிடையாது. மறுபடி அப்ளை பண்ணுங்க. அதுக்கு எந்தத் தடையும் இல்ல."

மறுபடி விண்ணப்பித்தார். மறுபடியும் நிராகரிப்பு. வீட்டில் அவர் மனைவி தன் தம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க அத்தான் கடை பூட்டிக் கிடக்குதுடா. எல்லாம் உன்னாலதான்."

"புது டிரைவர் போட்டா சரியாயிடும்க்கா. ஒரே ஒரு கமாண்டுதான்."

"போட்டுத் தொலையேன்!"

"புதுசா எது போட்டாலும் மேடம் அனுமதிக்கணும். நானும் அப்ளை பண்ணேன்."

"என்ன ஆச்சு?"

"நிராகரிச்சுட்டாங்க."

அந்த அம்மாள் அதன்பிறகு தம்பியிடம் பேசவில்லை. சாப்பாடு மட்டும் போட்டார்.

இதற்கிடையில் அலுவலகத்துக்கு நல்ல காலம் பிறந்தது. வந்த விண்ணப்பம் வந்த நிமிஷமே தீர்ந்துவிடுவதால் நிலுவை என்ற பேச்சே இல்லை. தலைமையகம் மலைத்துப்போய் ஆய்வுக்குழு ஒன்றை அனுப்பியது. எழுத்து பெரிதாக இருப்பதைக் குழு வெகுவாகப் பாராட்டியது; குழுவில் எல்லோரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். "கண்ணாடி போடறதையே விட்டுட்டேன் சார், யாருக்கோ தானமா கொடுத்துட்டேன்," என்றார் அதிகாரி. சிறந்த சேவைக்கான கேடயம் வழங்கப்பட்டது.

மக்கள் மட்டும் சளைத்தவர்களா? முன்பெல்லாம் ஒரு பதிலுக்கு மாதக்கணக்கில் அலைய வேண்டும். இப்போது வரிசையில் நின்றோமா, நிராகரிப்பை வாங்கினோமா, போனோமா என்று இருந்தது. சுறுசுறுப்பான ஆபீஸ் என்று பேர் பரவி, பக்கத்து ஊர்க்காரர்களும் வந்து நிராகரிப்பு வாங்கிக்கொண்டு போனார்கள்.

அதிகாரியின் மனதை ஒரே ஒரு விஷயம்தான் அரித்தது. தலைமையகத்திலிருந்து ஓர் ஆணை வந்திருந்தது: 'இச்சீரிய முறை தொடரும் பொருட்டு, கிளைகள் அனைத்திலும் கிராபிக்ஸ் டிரைவர்கள் நிரந்தரமாக நீக்கப்பட்டுத் தடை செய்யப்படும். கிளை அதிகாரி அனுமதி அளிக்கவும்.' நிராகரித்தால் வேலை போய்விடும். அனுமதிக்கலாமென்றால் பட்டன் இல்லை. ஆகவே அது மட்டும் கம்ப்யூட்டரில் விண்ணப்ப வரிசையின் தலையில் அப்படியே உட்கார்ந்திருந்தது. அதற்குப் பெயர் நிலுவை அல்ல, தீவிரப் பரிசீலனை.

கடையை வாடகைக்கு விட்டிருந்தவரும் பொறுத்துப் பார்த்தார். இந்த வாரம் ஷட்டர் திறக்காவிட்டால் வேறு ஆளுக்கு விட்டுவிடுவேன் என்று சொல்லிவிட்டார். கண்ணாடிக்காரர் மச்சினன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாப்ளே, நான் நடுத்தெருவுல நிக்கப்போறேன். எப்படியாவது போடு."

"திருட்டுத்தனமாவா அத்தான்?"

"நிராகரிச்சதைவிடப் பெருசா அவங்களால என்ன பண்ண முடியும்?"

அதிகாரி சாப்பிடப் போயிருந்த நேரத்தில் இருவரும் உள்ளே நுழைந்தார்கள். பாஸ்வேர்டு, வழக்கம்போல, கீபோர்டுக்கு அடியில் ஒட்டியிருந்தது. மச்சினன் டிரைவரைப் போட்டு, கம்ப்யூட்டரை அணைத்து எழுப்பினான். பக்கம் முழுசாக விரிந்தது. வலது ஓரத்தில், பச்சை நிறத்தில், 'அனுமதி'. கண்ணாடிக்காரர் அங்கேயே தன் விண்ணப்பத்தை மறுபடி போட்டார். அது வரிசையில் இரண்டாவதாகப் போய் நின்றது.

அதிகாரி திரும்பிவந்து உட்கார்ந்தார்.

"ஐயோ, என்ன இது? எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஊருது! ரெண்டு பட்டன் வேற இருக்கே, எதை அமுக்கறது?"

"படிச்சுப் பார்த்து முடிவு பண்ணணும் மேடம்," என்றான் மச்சினன்.

"படிக்கணுமா?"

அவர் முகம் வெளிறிவிட்டது. கண்ணாடிக்காரருக்குத் தொழில் புத்தி சும்மா இருக்குமா? பைக்குள் கையை விட்டு ஒரு வாசிப்புக் கண்ணாடியை எடுத்து நீட்டினார். அதிகாரி மாட்டிக்கொண்டார்.

"அடடா! எவ்வளவு தெளிவா இருக்கு!"

கண்ணாடிக்காரர் பெருமையோடு நிமிர்ந்து நின்றார். அதிகாரி வரிசையின் தலையில் இருந்ததை வாய்விட்டுப் படித்தார். "தலைமையக ஆணை! இதை நினைச்சு நினைச்சே எனக்குத் தூக்கம் போச்சு."

"மேடம், இருங்க..." என்று பாய்ந்தான் மச்சினன்.

அதற்குள் அவர் 'அனுமதி'யை அமுக்கிவிட்டார். அனுமதி கிடைத்த மாத்திரத்தில் ஆணை தானாகவே நிறைவேறும் ஏற்பாடு அங்கே இருந்தது. அந்த ஏற்பாட்டைச் செய்துகொடுத்து, அதற்குச் சான்றிதழும் வாங்கியவன் மச்சினன்தான். திரை கறுத்தது, வெளுத்தது, மறுபடி எழுந்தது. எழுத்துகள் கடை போர்டு அளவுக்கு வந்து நின்றன. வலது ஓரத்தைக் காணோம். அதிகாரி நிம்மதியாக மூச்சுவிட்டு, இரண்டாவது விண்ணப்பத்தைத் திறந்து, இருந்த பட்டனை அமுக்கினார்.

பிறகு கண்ணாடியைக் கழற்றி, மடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்ல கண்ணாடி. இனிமே எனக்குத் தேவைப்படாது. ஆமா, லைசென்ஸ் இல்லாமலா இதை எனக்குக் கொடுத்தீங்க?"

"சும்மாதான் கொடுத்தேன் மேடம்... உதவியா..."

"எனக்குப் புரியுது. ஆனா மேல் மூலையில அபராத நோட்டீஸ் பட்டன் ஒண்ணு இருக்கு, அதுவும் இடது பக்கம்தான். நல்லாவே தெரியுது."

பிரிண்டர் முனகி நோட்டீஸைத் துப்பியது. கண்ணாடிக்காரர் அதைக் கையில் எடுத்தார். அதிகாரியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடத்தான் வாயைத் திறந்தார். பின்னால் வரிசையிலிருந்து யாரோ அவர் தோளைத் தட்டினார்கள்.

"அதான் வாங்கிட்டீங்கல்ல, நகருங்க சார். நாங்களும் நிராகரிப்பு வாங்கிட்டுப் பொழுதோட வீடு போய்ச் சேர வேண்டாமா?"