பொன்னிக்கு அம்மை போட்ட வாரம்

மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தவர்கள் வாசலோடு திரும்பிப் போவதற்கு ஊரில் எத்தனையோ காரணம் உண்டு. வேலை சரியில்லை, குடி, பழைய காதல், மாமியாரின் வாய். என் வீட்டு வாசலிலிருந்து ஒரு குடும்பம் திரும்பிப் போனதற்குக் காரணம், எங்கள் பாம்புக்கு அம்மை போட்டிருந்தது. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. என் மனைவி மட்டும் நம்புவாள். திரும்பிப் போனவர்களில் அவளும் ஒருத்தி.

பாம்பை நான் ஆசைப்பட்டு வாங்கவில்லை. யாங்கோனில் ஷ்வேப்யிதா பகுதியில் ஒரு தையல் தொழிற்சாலை ஆபீசில் என்னோடு வேலை பார்த்த கோ ஸோ என்ற பர்மியர், மலேசியாவுக்குப் புறப்பட்டபோது தன் குட்டி மலைப்பாம்பை என்னிடம் விட்டுப் போனார். ஏதோ ஆப்பிரிக்கச் சாதியாம். விஷம் கிடையாது, பயந்தால் பந்தாகச் சுருண்டு தலையை உள்ளே ஒளித்துக்கொள்ளும். வளர்ப்பது எப்படி என்று அவர் வெகுநேரம் பர்மியத்தில் விளக்கினார். நான் தலையை ஆட்டிக்கொண்டே, கண்ணாடிப் பெட்டியோடு பஸ்ஸில் எப்படி ஏறுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். (கடைசியில் டாக்ஸியில் வந்தேன். டிரைவரிடம் பெட்டியில் மீன் என்று சொன்னேன்.)

வீட்டில் நானும் அம்மாவும்தான். அம்மா அலறுவாள் என்று நினைத்தேன். அவளோ குளித்துவிட்டு வந்து பெட்டியைக் கும்பிட்டாள். நாகம்மாவே ஐந்து மாடி ஏறி வந்திருக்கும்போது வேண்டாம் என்று சொல்ல நாம் யார் என்றாள். பொன்னி என்று பெயரும் வைத்தாள். எலிக்குஞ்சு கொடுப்பது அம்மா கண்ணில் படக்கூடாது, வெள்ளிக்கிழமை கொடுக்கவே கூடாது என்ற நிபந்தனைகளோடு பொன்னி எங்கள் குடும்பத்தில் சேர்ந்தாள். சாயங்காலத்தில் என் மணிக்கட்டில் வளையல்போலச் சுற்றிக்கொண்டு சாதுவாக இருப்பாள்.

அந்தச் சமயத்தில்தான் யாங்கோனிலேயே மிங்கலாடோன் பகுதியிலிருந்து சம்பந்தம் வந்தது. பெண்ணின் அப்பாவுக்கு வெளியில் ஊ அவுங் மின், கோயிலில் ஆறுமுகம். (எங்கள் ஊர்த் தமிழர் எல்லோருக்கும் இப்படி இரண்டு பெயர். ஆபீசில் நான் கோ தெய்ன், வீட்டில் குமார்.) பெண் பெயர் சண்டா. அவளை நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன். கோயில் திருவிழாவில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள். கட்டினால் இவளைத்தான் என்று அன்றே முடிவு செய்துவிட்டேன். அவளிடம் நான் பேசியதெல்லாம் "இன்னும் கொஞ்சம் மோர்" என்பதுதான். அதைத் திரும்பத் திரும்பப் பேசி, மறுநாள் ஜலதோஷம் பிடித்தது.

ஒரே பிள்ளை, கெட்ட பழக்கம் இல்லை என்று எங்களைப் பற்றிச் சொல்லியனுப்பினோம். பாம்பைப் பற்றிச் சொல்லவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வருவதாகத் தகவல் வந்தது.

அதற்கு முந்தின வியாழக்கிழமை வழக்கம்போலப் பெட்டிக்குள் கையை விட்டேன். பொன்னி கழுத்தை வளைத்துப் பின்னுக்கு இழுத்து, குக்கர்போலச் சீறினாள். விளையாடுகிறாள் என்று நினைத்து இன்னும் கிட்டே போனேன். கட்டைவிரலில் ஒரு போடு போட்டாள். ஊசி குத்தின வலிதான். ஆனால் நான் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டுக் கதவுகள் திறந்தன.

மறுநாள் தற்காப்போடு போனேன். யாங்கோனில் மோட்டார் சைக்கிளுக்கே தடை என்பதால் வீட்டில் ஹெல்மெட் கிடையாது. தலையில் இட்லிச் சட்டி, கையில் சுற்றிய கைலி என்று நெருங்கினேன். அந்தக் கோலத்தைப் பார்த்தால் யாருக்கும் கடிக்கத்தான் தோன்றும். கைலியைக் கடித்தாள். உடம்பு மங்கி வெளிறிப் போயிருந்தது, கண்களில் பால் படர்ந்திருந்தது. எலிக்குஞ்சைத் திரும்பியும் பார்க்கவில்லை. பார்வை போய், உயிரும் போகப்போகிறது என்றே நான் பயந்துவிட்டேன். கோ ஸோவுக்குச் செய்தி அனுப்பினேன், பதில் இல்லை.

அம்மா தூரத்தில் நின்று பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"அம்மைடா தம்பி. உடம்பு முச்சூடும் வெளுத்திருக்கு, கண்ணு கலங்கியிருக்கு, தீனி எடுக்கல. தொட்டா எரியுது, அதான் சீறுறா."

"பாம்புக்கு அம்மை போடுமா அம்மா?"

"உனக்குப் போட்டப்ப நீயும் இப்படித்தான் கடிச்ச."

வைத்தியம் தொடங்கியது. பெட்டி இருட்டு மூலைக்குப் போனது, மேலே கறுப்புத் துணி, உள்ளே ஈரத்துணி. யாரும் தொடக்கூடாது, தீனி காட்டக்கூடாது. வீட்டில் தாளிப்பு நின்றது. நான் உப்புச்சப்பில்லாத கஞ்சி குடித்தேன். அம்மன் கோயிலிலிருந்து வேப்பிலை வந்து வாசல் நிலையில் ஏறியது.

ஞாயிறு வரவேண்டாம் என்று சொல்ல மிங்கலாடோனுக்குப் போன் போட்டால் லைனே கிடைக்கவில்லை. வேப்பிலையையாவது ஒரு மணிநேரம் கழற்றி வைப்போம் என்றேன். அம்மனை வெளியே போ என்று சொல்லுவாயா என்று அம்மா கேட்டாள். அவள் குளிக்கப் போனபோது கழற்றினேன். குளித்து வந்ததும் மறுபடி செருகினாள், முன்பைவிடப் பெரிய கொத்தாக.

வந்துவிட்டார்கள். கரண்ட் இல்லை; இருட்டுப் படியில் ஐந்து மாடி ஏறிய ஊ அவுங் மின், பழத்தட்டோடு மூச்சு வாங்கிக்கொண்டே வேப்பிலையைப் பார்த்தார். அம்மை வீட்டில் யாரையும் உள்ளே வாங்க என்று அழைக்கக்கூடாது. அம்மா அழைக்கவில்லை.

"யாருக்கு?" என்றார்.

"பொன்னிக்கு."

அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "ஒரே பிள்ளைன்னு சொன்னாங்களே."

"நான் பெத்தது ஒண்ணுதான்," என்றாள் அம்மா. "பொன்னியை இவன்தான் கொண்டாந்து வளர்க்கிறான்."

சண்டா என்னைப் பார்த்தாள். இந்த இடத்தில் பாம்பு என்ற ஒரே ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் போதும். கட்டுப்போட்ட கட்டைவிரலோடு நின்று நான் சொன்னது இதுதான்:

"கண்ணு மட்டும்தான் இன்னும் தெளியல. ராத்திரியெல்லாம் பக்கத்துலயே இருந்தேன்."

அவர்கள் ஒரு வார்த்தையும் பேசாமல் படியிறங்கிப் போனார்கள்.

இதில்தான் சித்திரவதை. அம்மை வீட்டிலிருந்து புறப்படும்போது போய்வருகிறேன் என்று சொல்லக்கூடாது என்பது எங்கள் வழக்கம். அதனால் அவர்கள் சொல்லாமல் போனது அம்மனுக்குப் பயந்தா, என்னைக் கைகழுவியா என்று எனக்குத் தெரியவில்லை. அந்த வாரம் முழுக்கக் கஞ்சியைப் பார்த்துக்கொண்டு இதையே யோசித்தேன். பாம்பும் போச்சு, பெண்ணும் போச்சு என்று பால்கனியில் நின்று கண்கலங்கியதும் உண்டு.

ஒரு காலையில் துணியை விலக்கினால், பெட்டிக்குள் முழுத்தோல் ஒன்று, கழற்றிப் போட்ட காலுறைபோலக் கிடந்தது. பக்கத்தில் பொன்னி, புத்தம்புதிதாக, கண் பளிச்சென்று. பயந்து பயந்து கையை நீட்டினேன். மெல்ல ஏறி மணிக்கட்டில் சுற்றிக்கொண்டாள். அன்றே கோ ஸோவின் பதிலும் வந்தது: தோல் உரிக்கிற சமயம் கண் தெரியாது, பயத்தில் கடிக்கும், இருட்டில் ஈரமாக விட்டு, தொடாதே என்று படித்துப் படித்துச் சொன்னேனே.

அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "நான் செஞ்சதத்தான் அவன் வேற பேரு வச்சுச் சொல்றான்," என்று சொல்லிவிட்டு, பொன்னிக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். பிறகு மிங்கலாடோனுக்குப் போன் போட்டாள். அன்று லைன் கிடைத்தது. தண்ணி ஊத்தியாச்சு, வாங்க என்றாள்.

வந்தார்கள். ஊ அவுங் மின் உட்காரவில்லை. லாபெ தட்டில் அம்மா பார்த்துப் பார்த்து வைத்திருந்த ஊறின தேயிலையையும் வறுத்த பயறையும் அவர் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை.

"அந்தப் பிள்ளையக் காட்டுங்க," என்றார்.

மணிக்கட்டில் பொன்னியோடு வந்து அவர் முன் நின்றேன். அவர் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். வேறு யாரும் வரவில்லை. மறுபடி என் கையைப் பார்த்தார்.

"இதுதானா?"

"இதுதான் மாமா."

"வேற ஒண்ணும் இல்லையே?"

"இல்ல மாமா."

அவர் நாற்காலியில் சாய்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கெய்ஸா மஷிபு," என்றார். பரவாயில்லை என்று அர்த்தம். "பாம்புதானே."

அந்த வாரம் முழுக்க அவர் பொன்னியின் தாய் யார் என்று கோயில் கோயிலாக விசாரித்திருக்கிறார். முதலிலேயே பாம்பு என்று சொல்லியிருந்தால் எங்கள் தெருப் பக்கமே வந்திருக்க மாட்டார். ஒளித்துவைத்த மகளுக்குப் பயந்து கிடந்தவருக்குப் பாம்பு ஒரு வரமாகத் தெரிந்தது.

சண்டாவிடம் பிறகு கேட்டேன், நீ ஏன் வேண்டாம் என்று சொல்லவில்லை என்று.

"ராத்திரியெல்லாம் பக்கத்துல இருந்தேன்னு சொன்னப்ப உங்க முகத்தப் பாத்தேன். யாரு பெத்த பிள்ளையா இருந்தாலும் இவரு நல்லா வச்சுக்குவாருன்னு தோணுச்சு."

என் வாழ்க்கையில் யாரும் என்னைப் பற்றி இதைவிட நல்லதாக ஒன்றும் சொன்னதில்லை. அதற்காகப் பொன்னிக்கும், அம்மாவுக்கும், அன்று கிடைக்காமல் போன அந்த டெலிபோன் லைனுக்கும் இன்றுவரை நன்றியோடுதான் இருக்கிறேன்.

இப்போது எங்களுக்கும் ஒரு மகள் இருக்கிறாள். ஆபீசிலிருந்து நான் எரிச்சலோடு வந்து எல்லோர் மேலும் விழுந்தால், சண்டா ஒன்றும் பேசமாட்டாள். எங்கள் அறைக் கதவில் ஒரு கொத்து வேப்பிலையைச் செருகிவிடுவாள். விளக்கு அணையும், ரசத்தில் தாளிப்பு நிற்கும். அப்பாவுக்கு அம்மை, தோல் உரிச்சதும் சரியாயிடும் என்று மகள் பக்கத்து வீடுகளுக்குச் சொல்லிவிட்டு வருவாள். மாமனார் வந்தால் வேப்பிலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, என்னிடம் சொல்லாமலே படியிறங்கிப் போய்விடுவார்.