மாமியார் நேர்ந்துகொண்ட என் தலை

தங்கள் தலைமுடி தங்களுக்கே சொந்தம் என்று நம்பிக்கொண்டிருக்கும் கணவன்மார்கள், எதற்கும் மாமியாரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. நான் கேட்காமல் விட்டேன்.

எங்கள் பத்தாவது கல்யாண நாளுக்கு என் மனைவி செல்வி கேட்டது துபாய். பகலில் பாலைவனம், ராத்திரியில் ஜிகுஜிகுவென்று நகரம். மதுரைக் காளவாசலில் மிக்சியும் மின்விசிறியும் விற்கிற எனக்கு அது கட்டுப்படியாகுமா? ஆனால் மூளை என்று ஒன்று உண்டே. (அப்போது முடியும் இருந்தது.) முதல் நாள் சாயங்காலம் மதுரையிலேயே ஒரு பெரிய மாலில் சினிமா, ஐஸ்கிரீம், ஓட்டலில் சாப்பாடு. மறுநாள் காரை எடுத்துக்கொண்டு திருச்செந்தூர் பக்கத்துத் தேரிக்காடு. அங்கே செக்கச்செவேலென்று மணல்மேடுகள், நம் ஊருக்கென்றே ஒரு குட்டிப் பாலைவனம்.

"டவுனும் ஆச்சு, பாலைவனமும் ஆச்சு. பாஸ்போர்ட்டே வேணாம் பாரு" என்றேன் பெருமையாக.

செல்வி முறைத்தாள். அப்புறம் இறங்கி வந்தாள். "சரி, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். நம்ம கல்யாண ஆல்பத்துல நாம ரெண்டு பேரு மட்டும் இருக்கிற மாதிரி ஒரு போட்டோகூட இல்லைங்க. நடுவுல யாராச்சும் ஒரு சித்தப்பா வந்து நிக்கிறாரு. அந்த மணல்ல வச்சு நம்ம ரெண்டு பேர மட்டும் நல்லா ஒரு போட்டோ எடுக்கணும். ஹால்ல மாட்டணும். எனக்கு அது போதும்."

போட்டோ என்றதும் நான் நேராக சலூனுக்குத்தான் ஓடினேன். சுருட்டை முடியை நேராக்கி, லேசாகச் செம்பழுப்பு ஏற்றி, கண்ணாடியில் பார்த்தபோது எனக்கே என் மேல் ஆசை வந்தது. "மூணு நாளைக்குத் தண்ணி படக்கூடாதுண்ணே, மடங்கவும் கூடாது" என்று அனுப்பினார்கள். எனவே சினிமாவில் செல்வி ஆசையாகத் தோளில் சாய்ந்தபோது, "ஏய், முடி கலைஞ்சிரும்" என்று தள்ளி உட்கார்ந்தேன். திரும்பும்போது தூறல். ஹெல்மெட்டுக்குள் ஜவுளிக்கடைப் பையைக் கவிழ்த்துக்கொண்டு பைக் ஓட்டினேன். அடேங்கப்பா, எம்புட்டுப் பெரிய காதல் மன்னன்!

மகளை விளாங்குடியில் மாமியார் வீட்டில் விட்டிருந்தோம். மறுநாள் வழியில் சும்மா இருந்திருக்கலாம். பெருமை அடிக்க வேண்டும் போலிருந்தது. போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"அத்தே, திருச்செந்தூர் கிட்ட வந்துட்டோம். பாலைவனம் பாக்கப் போறோம்."

"திருச்செந்தூரா? நல்லாருப்பீக மாப்ள! ஒங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு எம்புட்டு வருசமா முழிச்சுக்கிட்டு இருந்தேன். பாப்பா பொறந்தப்ப செல்விக்கு ரொம்ப முடியாமப் போச்சுல்ல? அன்னைக்கே முருகன்கிட்ட வேண்டிக்கிட்டேன். தாயும் பிள்ளையும் நல்லபடியா வீடு வந்து சேந்தா, மொட்டை போடுறோம்னு."

"யாருக்கு அத்தே?"

"ஒங்களுக்குத்தேன். என் முடி நாலு இழை. அதக் குடுத்தா சாமிக்கே கோவம் வந்துரும்."

செல்வி போனைப் பிடுங்கினாள். "அம்மா! இன்னைக்குப் போட்டோ எடுக்கணும்மா. இன்னொரு நாள் வாரோம்."

"கோயில் எல்லை வரைக்கும் வந்துட்டுக் குடுக்காமத் திரும்பக்கூடாதுடி" என்றது போன்.

நான் வண்டியை ஓரம் கட்டினேன். செல்வி போனை மடியில் வைத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. "பாப்பாவுக்காக வேண்டுனதுங்க" என்றாள். பிரசவத்தன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் அழுத அழுகை எனக்கே ஞாபகம் வந்தது. வண்டியைக் கோயில் பக்கம் திருப்பினேன்.

மொட்டை போடுகிற அண்ணன் என் தலையைத் தடவிப் பார்த்துப் பதறிவிட்டார். "புதுசா பண்ணுன முடியா இருக்கே! பூமுடி குடுத்துட்டுப் போங்களேன், ரெண்டு கத்தை போதும்." எனக்கு உயிர் வந்தது. மாமியாருக்கு மறுபடி போன் போட்டோம். "முழு மொட்டைன்னுதேன் சொல்லியிருக்கேன்" என்று வைத்துவிட்டார். உயிர் போனது.

சாயங்காலம் தேரிக்காட்டில் போய் இறங்கினோம். செல்வி புது நீலப் புடவையில் தேவதையாக நின்றாள். பக்கத்தில் மண்டை முழுக்க ஈரச் சந்தனம் அப்பிய நான். போனை நீட்டிப் பார்த்தாள், சாய்த்துப் பார்த்தாள், என் கழுத்துக்கு மேலே விட்டுவிட்டு எடுத்துப் பார்த்தாள். கடைசியில் போனைப் பைக்குள் போட்டுவிட்டு, "போதும், வீட்டுக்குப் போவோம்" என்று திரும்பி நின்றுகொண்டாள். பாவமாக இருந்தது. பத்து வருடத்தில் ஒன்றே ஒன்று கேட்டாள், அதையும் கெடுத்தாயிற்று.

சற்றுத் தள்ளி, கல்யாணம் ஆகப்போகிற ஒரு ஜோடியை வைத்து ஒரு போட்டோக்காரர் படம் எடுத்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளைப் பையன் மணல்மேட்டிலிருந்து கையை விரித்துக்கொண்டு ஓடிவந்து பெண்ணைத் தூக்கினான். நாமும் செய்தால் செல்விக்குக் கோபம் தீராதா? விறுவிறுவென்று மேட்டில் ஏறி, "செல்வீ..." என்று கத்திக்கொண்டு ஓடிவந்தேன். கால் மணலுக்குள் போனது. நான் மட்டும் வந்தேன். தலைகுப்புற விழுந்து, உருண்டு, அவள் காலடியில் வந்து கிடந்தேன்.

எழுந்தேன். ஈரச் சந்தனத்தில் செம்மண் ஒரு இடம் விடாமல் ஒட்டியிருந்தது.

செல்வி என்னைப் பார்த்தாள். உதட்டைக் கடித்தாள். முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ, நம்ம வீட்டு மண்சட்டியக் கவுத்த மாதிரியே இருக்குங்க!" என்று என் மண்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு மறுபடி சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"அக்கா, அப்படியே இருங்க!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தார் அந்தப் போட்டோக்காரர்.

அந்தப் படம்தான் இன்று எங்கள் ஹாலில் தொங்குகிறது. வீட்டுக்கு வருகிறவர்களுக்குத் தண்ணீர் குடிக்கும்போது அதைப் பார்த்துப் புரையேறியிருக்கிறது. மாமியார் மட்டும் அதைப் பார்த்து, "மாப்ள தலை ராசியான தலை" என்று சொந்தபந்தம் முழுக்கச் சொல்லிவிட்டார். அதிலிருந்து, மச்சினனுக்கு விசா கிடைக்க வேண்டுமா, கொழுந்தியாளுக்கு வரன் அமைய வேண்டுமா, எல்லாரும் என் தலையைத்தான் நேர்ந்துகொள்கிறார்கள். விசாவும் கிடைத்தது, வரனும் அமைந்தது.

போன வாரம் செல்வி படத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "ஏங்க, நானும் ஒண்ணு வேண்டிக்கிட்டேன். இருபதாவது கல்யாண நாளுக்கும் நாம இதே மாதிரி சிரிச்சுக்கிட்டு இருந்தா, ஒங்களுக்கு மொட்டை போடுறதா."

"அப்ப எனக்கு முடி இருக்குமோ என்னவோ" என்றேன்.

"அதுக்கும் சேத்துத்தேன் வேண்டியிருக்கேன்" என்றாள்.