மாமா கார் சாவிக்கு நான் வைத்த பொட்டு

ஒரு விஷயம் பாதி புரிந்தாலே போதும், ஊரையே உட்கார வைத்து விளக்குகிற வியாதி எனக்கு உண்டு. எண்பதுகளின் கடைசியில், அண்ணன் கல்யாணத்தன்று அது நன்றாக முற்றியிருந்தது.

மாமா தன் புதுக் காருக்குக் கோலாலம்பூரில் திருட்டு அலாரம் பொருத்தியிருந்தார். சாவியோடு தீப்பெட்டி அளவில் ஒரு ரிமோட் தொங்கும். அதன் நுனியில் கறுப்பாகச் சின்னக் கண். பொத்தானை அமுக்கினால் அந்தக் கண், நமக்குத் தெரியாத ஒளியைச் சிமிட்டும். கார் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் இன்னொரு கண் அந்தச் சிமிட்டலைப் படித்து, ‘நம்ம ஆள்தான்’ என்று வண்டியை விடுவிக்கும். (எஸ்டேட் லயத்து வீடுகளில் இதை நான் சொல்லாத ஆள் கிடையாது. ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி வீட்டு நாய்க்குக்கூடத் தெரியும்.)

எஸ்டேட் கோயிலில் பூசை வைத்த தாலியோடு அத்தையும், ஓட்டுவதற்கு நானும்தான் பாக்கி. மாமா சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு மற்றவர்களோடு விடியும்போதே போய்விட்டார். பத்தரைக்குள் கோல சிலாங்கூர் கோயிலில் தாலி ஏற வேண்டும். டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்து, பானெட்டுக்கும் ஸ்டீரிங்குக்கும் பொட்டு வைத்தேன். கையில் சந்தனம் மிச்சம். ரிமோட் மட்டும் என்ன பாவம் செய்தது என்று அதன் நுனியிலும் அப்பி, மேலே குங்குமம் வைத்தேன்.

வழியில் தஞ்சோங் காராங்கில் தேங்காய் வாங்க இருவரும் இறங்கினோம். இன்ஜினை அணைத்துக் கதவைச் சாத்தினால் அலாரம் தானாகவே காவலுக்கு நின்றுவிடும். திரும்பி வந்து பொத்தானை அமுக்கினேன். அசைவில்லை. சாவி போட்டுக் கதவைத் திறந்தேன். கார் ஊளையிட ஆரம்பித்தது. இன்ஜினோ செத்தது செத்ததுதான்.

மணி ஒன்பதே முக்கால்.

“என்னடா பண்ணித் தொலைச்ச?” தாலித் தட்டை நெஞ்சோடு அணைத்திருந்தார் அத்தை.

“பேட்டரி வீக்கா இருக்கும்லா அத்தை.”

“தாலி இங்க இருக்கு. பொண்ணு கழுத்துல உங்கண்ணன் என்ன, இந்த ரிமோட்டையா கட்டுவான்?”

கிட்டத்தில் நின்று அமுக்கினேன், எட்டி நின்று அமுக்கினேன், பானெட் மேல் சாய்ந்தும் அமுக்கினேன். கடைக்கார மலாய்ப் பெரியவர் காதைப் பொத்திக்கொண்டு வந்தார். அந்த நிலையிலும் என் வியாதி விடவில்லை. இந்தக் கண், அந்தக் கண், நடுவில் ஒளி என்று அரைகுறை மலாயில் பாடம் நடத்தினேன். பொறுமையாகக் கேட்டவர், ரிமோட்டைத் திருப்பிப் பார்த்துச் சொன்னார்: “மாத்தா சூடா தூத்துப்.”

கண் மூடியிருக்கிறதாம்.

வேட்டியால் துடைக்கப் போனேன். அத்தை மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

“கையில தாலிய வச்சிக்கிட்டு நிக்கிறேன், நீ பொட்ட அழிப்பியா?”

“அழிக்கலன்னா வண்டி நகராது அத்தை.”

“அழிக்கக்கூடாதுன்னா கூடாது.”

பத்து மணி தாண்டியது. கார் ஊளையிட்டது. அத்தை தாலியைப் பார்த்தார், ரிமோட்டைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். பிறகு ஒற்றை விரலால் சந்தனத்தைக் குங்குமத்தோடு வழித்தெடுத்து, அப்படியே என் நெற்றியில் அப்பினார்.

“அழிக்கல. இடம் மாத்தியிருக்கேன். எடுடா வண்டிய.”

அமுக்கினேன். ஊளை நின்றது.

பத்து இருபத்தேழுக்குத் தாலி ஏறியது. கல்யாணப் போட்டோவில் அண்ணனுக்குப் பின்னால் புருவம் வரை சந்தனத்தோடு நிற்கிற பக்தன் நான்தான்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் டிவி ரிமோட் வேலை செய்யாவிட்டால் யாரும் பேட்டரி தேடுவதில்லை. என் மகள் வந்து என் நெற்றியைத் துடைத்துவிட்டுப் போகிறாள்.